உள் பெஞ்சு

நீங்களே சொல்லுங்கள், டாக்டர் கேட்கிற கேள்விக்கு டாக்டர் காதில் மட்டும் விழுகிற மாதிரி பதில் சொல்ல இந்த ஊரில் எங்கேயாவது ஓர் இடம் இருக்கிறதா? எங்கள் டாக்டர் நல்ல மனுஷன், கைராசிக்காரர், அவரைக் குறை சொன்னால் என் நாக்குத்தான் அழுகிப்போகும். ஆனால் ரூமுக்குள் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறாரே, அதை என்ன செய்வது? ஒருத்தரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரிசையில் இருப்பவர்களை உள்ளே கூப்பிட்டு அதில் உட்கார வைத்துவிடுவார். எழுந்து வர, செருப்பைக் கழற்ற, சேலையைச் சரிசெய்ய ஆகிற நேரமெல்லாம் மிச்சமாம். அவருக்கு மிச்சம். எங்களுக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊரில் யாருக்கு மூலம், யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டு மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். அதுவாவது பரவாயில்லை, ஒரு பொழுதுபோக்கு. நம் முறை வரும்போது பின்னால் நாலு காது இருக்கிறதே, அங்கேதான் வினை. இப்போது நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் என் மகள் இனியா, டோக்கன் அட்டையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினால் அழுவாள், விட்டால் ஊர்க் கிருமியெல்லாம் வாய்க்குள் போகும். பிடுங்கி முந்தானையில் துடைத்து மறுபடியும் கொடுத்தேன், அதற்குமேல் ஒரு தாய் என்ன செய்ய முடியும். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கிறீர்களா, அதோ ஜன்னல் வழியாகத் தெரிகிறது பாருங்கள், வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிற வண்டிகளின் சீட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வண்டி இல்லை. ஊரார் வண்டி. துணி கூட எங்கிருந்தோ எடுத்து வந்திருக்கிறார், கழுத்தில் தொங்குகிற தையல் அளவு டேப்போடு, என்னமோ வேலைக்கு வைத்த ஆள் மாதிரி. போன வாரம் இந்த மனுஷனை இதே வாசலில் நானும் ஆட்டோக்காரரும் தோளில் தாங்கித்தான் இறக்கினோம், வலது கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கி, காற்றுப் பட்டால்கூட ஐயோ என்றார். கண்ணுக்கு முன்னால் குணமாகியிருக்கிறார். எனக்குத்தான் அந்தக் குணத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அவர் பேர் சென்னியப்பன், லேடீஸ் டைலர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. வலது கால் விரல்தான் மெஷின் பெடலை அமுக்குகிற விரல், அந்த விரல் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு யோசித்து யோசித்து எரியும். யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம், கவுட் என்று பேர். முன்பு ஒருமுறை வந்தபோது கொடுத்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது, அதனால் இந்தத் தடவை டாக்டர், "அதெல்லாம் உங்களுக்கு வேண்டாங்க, ஸ்டீராய்டு எழுதறேன், கொஞ்ச நாளைக்கு மட்டும், காலைல சாப்பிட்டுட்டு" என்றார். எழுதுகிற கையை நிறுத்திவிட்டு, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். எத்தனை நல்ல கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நான் இன்று கடையில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவர் என்ன செய்தார், திரும்பி உள் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் பாவாத்தா பெரியம்மா. பெரியம்மா என்றால் எனக்கு இல்லை, இவர் தங்கச்சி கோகிலவாணிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. பச்சைக் கரை வைத்த சேலையை இழுத்து மூடிக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் டாக்டர் பக்கம் திரும்பி, "இல்லீங்க" என்றார். இல்லீங்க. எத்தனை சின்ன வார்த்தை. எனக்கு அந்த நேரம் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நானும்தான் பக்கத்தில் நின்றேன். நானும்தான் பெஞ்சைப் பார்த்தேன்.

அவர் சாப்பிடுவது முழிப்பு மாத்திரை. அந்தப் பேர் நான் வைத்தது, டாக்டர் சீட்டில் வேறே வாயில் நுழையாத பேர் இருக்கிறது. இவருக்குத் தூக்க வியாதி. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் டீ டம்ளரோடு வந்து நிற்கிறேன், மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். அவர் அம்மா தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். சமையல்கட்டுக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், இத்தனை பேர் முறைக்கிற இடத்தில் தூங்குகிறவன் மனசில் கள்ளம் இருக்காது, சரி என்று சொல்லிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். கல்யாணத்துக்கப்புறம்தான் தெரிந்தது, இது அலுப்பு இல்லை, நோய். பேசிக்கொண்டே இருப்பார், தலை சாய்ந்துவிடும். மெஷினில் தையல் நேராகப் போய்க்கொண்டே இருக்கும், இவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒரு தடவை ஊசி நகத்துக்குள் இறங்கியது. அதைவிட விசேஷம், பலமாகச் சிரித்தால் முட்டி மடங்கிக் கீழே உட்கார்ந்துவிடுவார். நானோ வாயைத் திறந்தால் நக்கல் பேசுகிறவள். தண்ணீர்க் குடத்தோடு வருகிறபோது ஒரு நாள் ஏதோ சொல்லிவிட்டேன், குடம் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். அதற்கப்புறம் அவர் கையில் பாரம் இருந்தால் நான் ஜோக்கை அடக்கி வைத்து, இறக்கி வைத்த பிறகுதான் சொல்வது. கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டர்தான் கண்டுபிடித்தார். தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவில் இருக்கிற கதவு உங்கள் வீட்டுக்காரருக்குச் சரியாகச் சாத்துவதில்லை என்றார், எனக்கு உடனே புரிந்தது, எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவும் அப்படித்தான். தினம் காலையில் ஒரு மாத்திரை. போட்ட முதல் வாரமே மனுஷன் பகல் முழுக்க மனுஷனாக இருந்தார். அப்புறம் உள்ளூர் மெடிக்கலில் வாங்கப் போனபோது அந்தக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, கடையில் கூட்டம் நிற்கிறது, "இது மெண்டலுக்குக் குடுக்கற ஐட்டம், நம்மகிட்ட இல்லீங்க" என்றார் உரக்க. அன்றிலிருந்து கோயமுத்தூரிலேயே வாங்கி வந்து, கடையில் கொக்கி டப்பாவுக்குள் வைத்திருக்கிறோம். யாராவது பார்த்துவிட்டால் சத்து மாத்திரை. கோகிலா கல்யாணம் முடிகிற வரைக்கும் சத்து மாத்திரை. வளர்பிறையில் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்று பேச்சு. அண்ணனுக்கு மெண்டல் மாத்திரை என்று ஒரு வார்த்தை போனால் போதும், தங்கச்சிக்கும் இருக்குமோ, பிறக்கிற பிள்ளைக்கும் இருக்குமோ என்று அவர்கள் வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை கோகிலா மாப்பிள்ளையின் போட்டோவைப் போனில் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்து, மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் எப்படிக் கெடுப்பது?

இனியா டோக்கனைக் கீழே போட்டுவிட்டாள். எடுத்துக் கொடுத்தாயிற்று. எங்கே விட்டேன், அந்த ஸ்டீராய்டு, வீக்க மாத்திரை. காலையில் போடு என்று டாக்டர் சொன்னதை இவர் கேட்டாரா, இவராகவே ஒரு சட்டம் போட்டார். "காலைல முழிப்பு மாத்திரை இருக்குது துளசி. ரெண்டும் ஒண்ணா வயித்துக்குள்ள போனா சண்டை கட்டும். இதைச் சாயந்திரம் போட்டுக்கறேன்." எவ்வளவு யோசனை பாருங்கள். பஸ்ஸில் ரெண்டு சொந்தக்காரர்களைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் முன்னாலும் பின்னாலும் உட்கார வைக்கிற மாதிரி. நானும் சரிதான் என்று தலையாட்டினேன், எங்கள் பள்ளிக்கூடத்தில் வயிற்றுப் படத்தில் இரைப்பை வரைக்கும்தான் இருந்தது, மாத்திரை அதற்குமேல் எங்கே போய் எதோடு சேருகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. விரல் மறுநாளே வற்ற ஆரம்பித்தது. தூக்கமும் வற்ற ஆரம்பித்தது. படுத்தால் தூங்கிவிடுகிற மனுஷன், படுக்கவே இல்லை. தீபாவளிக்கு ஊரார் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியையெல்லாம் வெட்டித் தைத்துக் குவித்துவிட்டார். நான் முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. பிரித்துப் பார்த்தால் பாவாத்தா பெரியம்மாவின் ரவிக்கைக்கு ரெண்டு கையும் இடது கை. "மாமா, அந்தம்மாவுக்கு ரெண்டு இடது கையா இருக்குது?" என்றேன். எப்போதும் இப்படிச் சொன்னால் சிரித்து முட்டி மடங்கும், நான் ஓடிப்போய்ப் பிடிப்பேன். சிரிக்கவில்லை. "கை இருக்குதில்ல, அதப் பாரு" என்று சள்ளென்று விழுந்தார். ஆறு வருஷத்தில் என்மேல் ஒரு தடவை விழுந்ததில்லை. அப்புறம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார், கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், பாதி கேட் நீலம், பாதி கேட் பழைய பச்சை, பெயிண்ட் தீர்ந்துபோனதற்கும் என்மேல் கோபம். "தூங்குங்க மாமா" என்றால், "இத்தன வருஷம் தூங்குனதுக்கு இப்பத்தான் முழிச்சிருக்கறேன், விடு" என்கிறார். இன்று விடியற்காலை ஒரு நிமிஷம் உட்கார்ந்தார், பக்கத்தில் போய் மார்பில் காது வைத்தேன். மோட்டார் மெஷினைப் பெடலை அமுக்கிப் பிடித்துத் துணி இல்லாமல் ஓடவிட்டால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. துணி இல்லாமல் ஓடினால் நூல் சிக்கும், ஊசி முறியும். எனக்கு அதுதான் தோன்றியது. கோயமுத்தூர் டாக்டருக்குப் போன் போட்டால் ஒரு பிள்ளை எடுத்து, "புதன்கிழமை வாங்க மேடம்" என்கிறாள். புதன்கிழமை வரைக்கும் இந்த மெஷின் ஓடுமா?

ஏன் வாயைத் திறக்கவில்லை நான், திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறது. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா. இல்லீங்க. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அதே இல்லீங்க. திங்கட்கிழமை வந்து காட்டுங்க என்று சொல்லியிருந்தார், சரி, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தால், வாசலிலேயே யார், பாவாத்தா பெரியம்மா. அதே கைப்பை. "வா அம்மிணி, கால் தேவலைங்களா உன்ற ஊட்டுக்காரருக்கு?" என்றாள். தேவலைங்க பெரியம்மா என்றேன். எங்களுக்கு வெகுநேரம் முந்தியே வந்தவள், இந்நேரம் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சிஸ்டர் கூப்பிடக் கூப்பிட, "அவங்க மொதல்ல போகட்டும், நான் அப்பறமாப் போறேன்" என்று ஒவ்வொருத்தரையாக முன்னால் விடுகிறாள். காய்ச்சல்காரப் பையன் போனான், கைக்கட்டுக்காரர் போனார், இவள் போகவில்லை. உள்ளே போய்ப் பெஞ்சில் உட்காருகிறாள், யாராவது வந்தால் அவர்களுக்கு வழி விடுகிறாள், திரும்பியும் பெஞ்சு. எனக்குப் புரியாதா? எங்களுக்காகத்தான் காத்திருக்கிறாள். பெண்ணின் அண்ணன் உடம்பில் என்னென்ன இருக்கிறதென்று முழுசாகத் தெரிந்துகொண்டு போகத்தான். அப்படி ஒரு அக்கறை. போன வாரமும் இப்படித்தான், டாக்டர் எங்கள் சீட்டை எழுதிக்கொண்டே இவளைக் கேட்டபோது, "கால் வலிங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று எங்களையே பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். கால் வலிக்கு யாராவது ஒரு வாரத்தில் ரெண்டு தடவை வருவார்களா? எனக்கு இவள்மேல் வருகிற ஆத்திரத்தில், அந்த ரவிக்கையை ரெண்டு இடது கையோடேயே கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது.

"சென்னியப்பன், உள்ள வாங்க." சிஸ்டர் கூப்பிட்டாயிற்று. ஜன்னலில் தட்டினேன், அவர் கடைசி வண்டியின் கண்ணாடியையும் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுத்தான் வந்தார். உள்ளே பெஞ்சில் பெரியம்மாவைத் தவிர ஆள் இல்லை, ஆனால் அவள் ஒருத்தியே ஆயிரம் ஆளுக்குச் சமம். நான் இனியாவோடு பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன், அவள் அந்த ஓரம். இவர் ஸ்டூலில் உட்காரவே இல்லை, நின்றபடி, "சூப்பருங்க டாக்டர், விரல் பஞ்சு மாதிரி இருக்குதுங்க, இந்த மாத்திரைய இன்னும் ஒரு மாசத்துக்கு எழுதுங்க, வேலையெல்லாம் பறக்குதுங்க" என்கிறார். ஒரு மாசத்துக்கு. டாக்டர் சிரித்துக்கொண்டே உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பிரஷர் மீட்டரின் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சிரிப்பும் கூடவே இறங்கியது. மறுபடியும் அடித்தார். இன்னொரு கையிலும் அடித்தார். "உங்களுக்குப் பிரஷர் இருக்குதா முன்னாடி?" இல்லீங்க. "தூங்கறீங்களா?" தூக்கம் எதுக்குங்க. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சென்னியப்பன், நான் குடுத்த அளவுக்கு மட்டும் இப்படி ஏறுதுன்னு எனக்குத் தோணல. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" அதே கேள்வி. அதே ஸ்டூல். அவர் அதே மாதிரி திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கண்ணில் பெரியம்மா விழுவதற்கு முன்னால் நான் விழுந்தேன். அந்தக் கண் சிவந்து, சுற்றிலும் கறுத்து, தூங்குகிறபோது எத்தனை அழகாக இருக்கும் அந்த முகம், டீ டம்ளரோடு நின்று நான் பார்த்த முகம். சொன்னால் கோகிலா. சொல்லாவிட்டால் இவர். கோகிலாவுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கலாம். கோகிலா போனில் மூக்கைப் பெரிசு பண்ணுகிறாள். இனியாவுக்கு வேறு அப்பா பார்க்க முடியுமா? "இல்லீ" என்று இவர் ஆரம்பித்துவிட்டார், ங்க வருவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். "சாப்பிடறாருங்க. தினமும் காலைல முழிப்பு மாத்திரை சாப்பிடறாருங்க. தூக்க வியாதிக்கு. கோயமுத்தூர் நரம்பு டாக்டர் குடுத்தது." மாத்திரை அட்டையைப் பையில் வைத்திருந்தேன், கொக்கி ரெண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, அப்படியே மேஜைமேல் வைத்தேன். "நீங்க குடுத்ததச் சாயந்திரம் போடறாருங்க, ரெண்டும் சண்டை கட்டக் கூடாதுன்னு."

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "ரெண்டும் சேர்ந்தா ஆகவே ஆகாதுன்னு இல்லம்மா. ஆனா இதுவும் பிரஷரைத் தூக்கும், அதுவும் தூக்கும். இதுவும் தூக்கத்தக் கெடுக்கும், அதுவும் கெடுக்கும். எரிச்சல், படபடப்பு எல்லாம் அதுலதான். தெரிஞ்சிருந்தா தினமும் வரச்சொல்லிப் பிரஷர் பாத்திருப்பேன், கோயமுத்தூருக்கு நானே ஒரு வார்த்தை பேசியிருப்பேன். சாயந்திரம் போட்டது இன்னும் மோசம், விடியறவரைக்கும் மோட்டார ஓடவிட்ட மாதிரி." மோட்டார் என்று அவரும் சொன்னார், எனக்கு அழுகை வந்தது. விரல் வற்றிவிட்டது, போட்டது கொஞ்ச நாள்தான், அதனால் வீக்க மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாம் என்றார். முழிப்பு மாத்திரையை நாளைக்குப் போடுவதா வேண்டாமா என்று அந்த டாக்டரிடம் இப்போதே கேட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது, மெஷின் பக்கம் போகக் கூடாது, இங்கேயே படுங்கள் என்றார். சிஸ்டர் வந்து இவரைப் பக்கத்து ரூமுக்கு ஈ.சி.ஜி. எடுக்கவும் சர்க்கரை பார்க்கவும் கூட்டிப்போனாள். போகிறபோது என்னைப் பார்த்து, "ஊருக்கே சொல்லிட்ட இல்ல" என்றார். "மாமா, நீங்க ஊரு வண்டியெல்லாம் தொடச்சீங்க, நான் ஊருக்குச் சொன்னேன், சரியாப் போச்சு" என்றேன். உதடு ஓரமாக லேசாகச் சிரித்தார், முட்டி ஒரு துளி மடங்கியது, சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். அந்த மடக்கத்தைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக வராந்தாவுக்குப் போனார். நான், இனியா, பெரியம்மா. திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும், எத்தனை நேரம் சுவரில் ஒட்டியிருக்கிற இருதயப் படத்தையே பார்ப்பது. பார்க்கட்டும், கேட்கட்டும், தங்கச்சிக்கு இல்லைங்க, அண்ணனுக்கு மட்டும்தாங்க, பரம்பரை எல்லாம் இல்லைங்க என்று சொல்ல வேண்டியதை எல்லாம் நாக்கு நுனியில் அடுக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிப்பைப் பாதி திறந்து, உள்ளே கைவிட்டு, எதையோ தொட்டுப் பார்த்து, மறுபடியும் மூடினாள். ஓரத்தில் ஒரு வெள்ளி நிற மாத்திரை அட்டை மின்னியது. கதவைப் பார்த்தாள், கதவுக்கு வெளியே வரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஒவ்வொருத்தரையாக முன்னால் விட்டாளே, காய்ச்சல்காரனை, கைக்கட்டுக்காரரை, எல்லாரையும், பெஞ்சு காலியாகட்டும் காலியாகட்டும் என்று. போன வாரம் ஏன் எங்களையே பார்த்தாள் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. இவர் அவளைப் பார்த்து இல்லீங்க என்றார். அவள் எங்களைப் பார்த்து ஒண்ணுமில்லீங்க என்றாள். நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் பயந்தோம் என்றால், எங்களுக்கும் காது இருக்கிறதே.

டாக்டரின் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. பெரியம்மா பெஞ்சின் அந்த ஓரத்திலிருந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். இனியாவின் கையிலிருந்த டோக்கனை மெதுவாக வாங்கி, தன் சேலையில் துடைத்து, திருப்பிக் கொடுத்தாள். என் காதுக்குக் கிட்டே குனிந்தாள்.

"எங்க மாப்பிளப் பையனுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு, அவன் நல்லா இருக்கறான், பயந்துக்காத. இது எனக்கு. புள்ளயத் தூக்கிட்டுச் செத்த நேரம் வெளிய இருக்கறயா?"